கரை சேருவது எப்படி?

மீன் பிடிப்பது ஒரு கலை. பிடித்த மீனோடு கரை சேருவது இன்னொரு கலை!

கல்பாக்கம் மீனவர் குப்பங்களில் படகைக் கட்டிப்போடத் துறைமுகம் கிடையாது. மணல்தான் துறை. பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்தில் 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வாணிபம் செய்தார்கள். அவர்களுடைய கப்பல்களும் தூரத்தில்தான் நின்றன. அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டு வந்தவை சிறு படகுகளே.

அன்று கட்டுமரம், துடுப்பு. இன்று பைபர் படகு, என்ஜின். ஆனால் பாடம் ஒன்றுதான்.

அலையைக் கவனி

அலை உடையும் இடத்துக்கு வெளியே படகை நிறுத்த வேண்டும். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வரும். பிறகு கடல் சற்று அடங்கும். அதுதான் சமயம்! அலையின் முதுகில், கரையை நோக்கி நேராக வர வேண்டும். படகு குறுக்கே திரும்பினால் அலை புரட்டிப் போட்டுவிடும். மணல் தட்டுவதற்கு முன் என்ஜினைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் விசிறி உடையும்.

முன்னால் குதிக்காதே

புதிதாகப் பழகும் இளைஞன், கரையைக் கண்டதும் படகுக்கு முன்னால் குதித்துவிடுவான். அடுத்த அலை படகை அவன் மீதே தள்ளும். கால் முறியும், உயிரும் போகலாம்.

நேரம் ஆனால் மீன் விலை இறங்கும். கவலைதான். ஆனாலும், அலை அடங்கும்வரை காத்திருப்பவனே பத்திரமாக வீடு வந்து சேருவான்.