ஆஸ்பத்திரியில் பரவும் அடங்காத கிருமிகள்... தடுப்பது நம் கையில்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. 'சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால், நான்கைந்து நாள்களில் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. சீழை எடுத்துப் பரிசோதித்தால், 'வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா' என்று ரிசல்ட் வருகிறது. வந்தது ஒரு பிரச்னைக்கு, ஒட்டிக்கொண்டது இன்னொன்று!

இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள், 2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தன என்று 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புதிய ஆன்டிபயாடிக் ஒன்று வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால், ஒரு படுக்கையில் இருக்கும் கிருமி அடுத்த படுக்கைக்குப் போகாமல் இன்றைக்கே தடுக்க முடியும்.

ஏன் ஆஸ்பத்திரியில் அதிகம்?

ஆன்டிபயாடிக் எடுக்கும்போது அதற்கு அடங்கும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. தாக்குப்பிடிப்பவை தப்பித்துப் பெருகுகின்றன. ஆன்டிபயாடிக் அதிகம் பயன்படும் இடம் ஆஸ்பத்திரி. அங்கே இருப்பவர்களோ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். போதாக்குறைக்கு ஆபரேஷன் காயம், சலைன் ஏற்றும் ஊசி, சிறுநீர் டியூப், வென்டிலேட்டர் குழாய் எனக் கிருமி உள்ளே நுழையப் பல வாசல்கள்.

கட்டில் கம்பி, மேஜை, கதவுக் கைப்பிடி போன்றவற்றில் சில வகைக் கிருமிகள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கிருந்து அவை தானாக நடந்து போவதில்லை. பெரும்பாலும் மனிதர்களின் கைகள்தான் அவற்றைச் சுமந்து செல்கின்றன.

ஜெனீவாவில் நடந்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில், டாக்டர் டிடியே பிட்டே தலைமையிலான குழு 1990-களில் இதைக் கையில் எடுத்தது. ஊழியர்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை, ஒவ்வொரு முறையும் சிங்க் வரை போய்க் கை கழுவ நேரம்தான் இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதனால், ஆல்கஹால் கலந்த சானிடைசரைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஊழியர்களின் பாக்கெட்டிலும் கொடுத்தார்கள். வார்டு முழுக்க நினைவூட்டும் போஸ்டர்களை ஒட்டினார்கள்.

தேவையான நேரத்தில் கைகளைச் சுத்தம் செய்வது 48 சதவிகிதத்திலிருந்து 66 சதவிகிதமாக உயர்ந்தது. அதே காலகட்டத்தில், ஆஸ்பத்திரியில் தொற்று ஏற்பட்ட நோயாளிகள் 16.9 சதவிகிதத்திலிருந்து 9.9 சதவிகிதமாகக் குறைந்தனர். மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி பரவுவதும் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த முறையைப் பின்னர் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. ஒவ்வோர் ஆண்டும் மே 5, கை சுகாதார தினம்.

உடனிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நம் ஊரில் ஒருவர் அட்மிட் ஆனால், சொந்தபந்தமே திரண்டு போகும். அன்புதான்... ஆனால், அந்த அன்போடு கிருமியும் போய்வரக் கூடாது.

* நோயாளியைத் தொடுவதற்கு முன்பும், தொட்ட பின்பும், வார்டைவிட்டு வெளியே வரும்போதும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். சானிடைசர் என்றால் 20 - 30 விநாடி தேயுங்கள். சோப்பு என்றால், தண்ணீரில் கழுவித் துடைப்பது வரை 40 - 60 விநாடி ஆகும். கை அழுக்காக இருந்தாலும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்புதான் சரி.
* நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு, பக்கத்து பெட் நோயாளிக்கு அப்படியே உதவி செய்யப் போகாதீர்கள்.
* போனைத் தொட்ட கையோடு நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டாதீர்கள். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அழுக்கான போன் அதைக் கெடுத்துவிடும்.
* சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. காயத்தின் கட்டையோ, டியூப்களையோ நீங்களாகத் தொட வேண்டாம்.
* சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் நேரில் போக வேண்டாம். வீடியோ காலில் பேசினாலே போதும்.

நோயாளியைத் தனி அறைக்கு மாற்றி, உள்ளே வருபவர்கள் கையுறையும் கவுனும் அணிந்தால் பயப்படவோ, அவமானமாக நினைக்கவோ வேண்டாம். கிருமி மற்றவர்களுக்குப் போகாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. கையுறை போட்டாலும், கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கேட்பது தவறில்லை!

'டாக்டரிடம் போய் எப்படிக் கேட்பது' என்று பலரும் தயங்குவார்கள். "சிஸ்டர், கையைச் சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பது நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான். அதேபோல, "இந்த டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் கேட்கலாம். தேவையில்லாத டியூபை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ, அவ்வளவு நல்லது.

வீட்டிலும் கவனம்

2012-ல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கை முறைப்படுத்த வேண்டும் என 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதற்கு எதிரான 'ஹெச்1' விதி 2014-ல் அமலுக்கு வந்தது. ஆனால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுவதையும், சாதாரண சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்பதையும் எந்த விதியாலும் முழுசாகத் தடுக்க முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப்போகும்போது, ஒரு சானிடைசர் பாட்டிலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்!