தாத்தாவின் பெயர் சென்சஸ் ஏட்டில் கிடைக்குமா?

தாதர், மேற்குப் பகுதியில் மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு ஆபீஸ் இருக்கிறது. தாதர், மாஹிம், தாராவி மூன்றுக்கும் இதுதான் வார்டு ஆபீஸ். பிறப்பு, இறப்பு சர்டிபிகேட்டுக்காக வந்து நிற்பவர்களிடையே தமிழ்க் குரல் கேட்காத நாள் குறைவு.

"அண்ணாச்சி, ஒங்க தாத்தா எந்த வருசம் பம்பாய்க்கு வந்தாவ?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தாச்சின்னு எங்கப்பா சொல்லுவாவ. வாயால சொன்னா போதாதாம். பேப்பர் கேக்கானுவ."

"பத்து வருசத்துக்கு ஒரு தடவ சர்க்கார் ஆள் எண்ணுதே! அந்தப் பழைய ஏட்டுல தாத்தா பேரு இல்லாமலா போவும்?"

நியாயமான கேள்வி. பல குடும்பங்களின் மனதில் உள்ள கேள்வியும் இதுதான். ஆனால் பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை.

எண்ணினார்கள், ஆனால்...

பம்பாய் நகரில் 1864-லேயே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணும் முறை 1881-ல் வந்தது. அப்போது பம்பாயின் மக்கள் தொகை 7,73,196. இருபது ஆண்டு கழித்து 1901-ல் அது 7,76,006 தான். இடையில் 1896-ல் வந்த பிளேக் நோய் அவ்வளவு பேரைக் கொன்றது. ஊரை விட்டும் துரத்தியது.

இந்த எண்ணிக்கையெல்லாம் அச்சாகி இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிய தாள்களின் கதி வேறு. அட்டவணை தயாரானதும் அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டன. சர்க்காருக்குத் தேவைப்பட்டது தொகை; பெயர் அல்ல.

சட்டம் போட்ட பூட்டு

இருக்கிற தாளைப் பார்க்கவும் வழியில்லை. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கணக்கெடுப்பாளர் எழுதிய ஏட்டைப் பார்க்கும் உரிமை எவருக்கும் இல்லை. அந்த ஏட்டில் உள்ளதை சிவில் வழக்கில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. சொந்தப் பாட்டனாரின் பெயராக இருந்தாலும் இதே விதிதான்.

இதற்குக் காரணமும் உண்டு. சொன்ன விவரம் நாளை வரி ஆபீசுக்கோ போலீசுக்கோ போகும் என்று பயந்தால், வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஆகவே ரகசியம் தேவை. ஆனால் எத்தனை காலத்துக்கு என்ற வரம்பு நம் சட்டத்தில் இல்லை.

மற்ற நாடுகளில்

பிரிட்டனில் 100 ஆண்டு ரகசியம். அதன் பிறகு பொதுமக்கள் பார்க்கலாம். 1921-ம் ஆண்டு ஏடு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931-ம் ஆண்டுத் தாள்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீ விபத்தில் எரிந்துவிட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டு. அங்கே 1950-ம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. பேரன்மார் தாத்தாவின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே படிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. அசாமில் 1951 சென்சஸ் விவரங்களைக் கொண்டு தேசியக் குடிமக்கள் பதிவேடு எழுதப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அதில் முன்னோர் பெயரைக் காட்டும்படி மக்களைக் கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான இறுதிப் பட்டியலில் சுமார் 19 லட்சம் பேருக்கு இடமில்லை. தாத்தாவைத் தேட உதவும் ஏடு, பேரனை வெளியே நிறுத்தவும் உதவும். ஏடுகளைத் திறக்கச் சொல்பவர்கள் இதையும் மறக்கக்கூடாது.

நமக்கு ஏன் அவசியம்?

வெளிநாட்டில் வம்சாவளி தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்குள்ள தமிழனுக்கு அது பிள்ளையின் படிப்பு, குடியிருக்கும் வீடு.

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்று கேட்டால், அந்தச் சாதி இம்மாநிலப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கு குடியிருந்ததற்கும் ஆதாரம் வேண்டும். ராஷ்டிரபதியின் பட்டியல் சாதி ஆணை பிறந்த நாள் அது. இதர பிற்பட்ட வகுப்பினருக்கு 1967 அக்டோபர் 13. பிறகு வந்தவர்கள் சொந்த மாநிலச் சாதியைச் சொல்லி இங்கே மாநிலச் சலுகை பெற முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்தது பரேல் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில்தான்.

சுதந்திர இந்தியாவின் முதல் சென்சஸ் 1951 பிப்ரவரி 9-ல் தொடங்கி மார்ச் 1-ல் முடிந்தது. அந்த ஆகஸ்ட் தேதிக்கு ஆறு மாதம் தள்ளி! நம்மவர் பலரை அதில் எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்த ஏட்டைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

குடிசைக் கணக்கு மட்டும் வேறு ஜாதி. 1976 ஜனவரி 4 அன்று பம்பாயின் குடிசைகளை எண்ணி, குடும்பங்களுக்கு போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்தப் பாஸை டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்த குடும்பம் இன்றும் அதைக் காட்டலாம். குடிசை மறுவாழ்வுக்கான கடைசித் தேதி முதலில் 1995 ஜனவரி 1 என்றும், பின்னர் 2000 ஜனவரி 1 என்றும் வைக்கப்பட்டபோது பழைய காகிதத்தின் அருமை தெரிந்தது. அதே 1976 மே மாதம் செம்பூர் ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவசரத்தில் பெட்டியைக் கட்டும்போது பாத்திரம் போகும், காகிதமும் போகும்.

வேறு எங்கே தேடலாம்?

சென்சஸ் கதவு மூடியிருந்தாலும் ஜன்னல்கள் சில உண்டு.

பள்ளிக்கூடம்: அப்பாவோ பெரியப்பாவோ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால், அங்குள்ள ஜெனரல் ரிஜிஸ்டரில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள் இருக்கும். சாதியும் எழுதப்பட்டிருக்கலாம். லீவிங் சர்டிபிகேட்டுக்கு ஆபீசுகளில் மதிப்பு அதிகம்.

வார்டு ஆபீஸ்: பாட்டனார் இங்கே காலமாகியிருந்தால் இறப்புப் பதிவு இருக்கும். ஆண்டும் மாதமும் உத்தேசமாகத் தெரிந்தாலும் தேடச் சொல்லலாம்.

வேலை: மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பிலோ துறைமுகத்திலோ மில்லிலோ வேலை செய்தவரா? சர்வீஸ் ரிஜிஸ்டர், பிராவிடண்ட் பண்டு சீட்டு, பென்ஷன் ஆணை எது கிடைத்தாலும் விடாதீர்கள். ரயில்வே சர்வீஸ் ரிஜிஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த நாளும் சொந்த ஊரும் இருக்கும்.

ஊரில்: நிலம் கைமாறியிருந்தால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் வாங்கலாம். "பம்பாயில் வசிக்கும் இன்னார் மகன்" என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் அது பொன் வரி. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம்.

அச்சான சென்சஸ் அறிக்கைகளையும் ஒதுக்க வேண்டாம். அவற்றில் தாத்தா பெயர் இராது. தாத்தாவின் ஊர் இருக்கும். 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கையேடுகளில் கிராமம் கிராமமாக மக்கள் தொகை உண்டு. சென்னை எழும்பூரில் 1909-ல் கட்டப்பட்ட ஆவணக் காப்பகத்திலும் பழைய தொகுதிகள் இருக்கின்றன. சென்சஸ் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

நம் வீட்டு ஏடு

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அரசு 2025 ஜூன் 16-ல் அறிவித்தது. இந்தத் தடவை தாளுக்குப் பதில் செல்போனில் எழுதுகிறார்கள், சாதியும் கேட்கிறார்கள். விவரம் கம்ப்யூட்டரில் ஏறுவதால், பழைய தாளைப் போல இடமில்லை என்று எரிக்க வேண்டியதில்லை. நூறு ஆண்டு பூட்டி வைத்து, பிறகு குடும்பத்தாருக்குத் திறக்கலாமா என்பதை டில்லியில் உள்ளவர்கள் யோசிக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத ஒரு ஏடு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அது பாட்டியின் ஞாபகம். கொள்ளுத்தாத்தா பெயர் என்ன, எந்தக் கிராமம், எந்த வருசம் ரயில் ஏறினார், முதலில் எந்தச் சாலில் தங்கினார், யார் வேலை வாங்கிக் கொடுத்தது? இந்த ஞாயிற்றுக்கிழமையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டை ஆபீசில் ஏற்க மாட்டார்கள். ஆனால் எந்த ஆபீசில், எந்த வருச ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.