ஒரே மலையில் இரண்டு தேயிலை



இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் புகையிரத நிலையம் எங்கள் பட்டிப்பொல. ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரம். இங்கே உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ்தான் அதிகம். தேயிலை மலைகள் சற்றுக் கீழே இருக்கின்றன. தை மாத விடியலில் பனி உறைந்தால் கொழுந்து கருகிவிடும். ஆனால் எல்லாச் செடியும் ஒரே மாதிரிக் கருகுவதில்லை. சிறிய, ஒடுங்கிய, கடும்பச்சை இலை உள்ள செடி குளிரைக் கூடுதலாகத் தாங்கும். அகன்று தொங்கும் இளம்பச்சை இலைச் செடி அவ்வளவு தாங்காது. முன்னதைச் சீனத் தேயிலை என்றும் பின்னதை அசாம் தேயிலை என்றும் சொல்வார்கள். பழைய விதைத் தேயிலை மலைகளில் இரண்டும் கலந்தே நிற்கும்.

இவை இரண்டு சாதியா, ஒரே சாதியா? இந்தக் கேள்வி 250 வருடங்களுக்கு மேல் படித்தவர்களையே குழப்பியது. செடிகளுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் தேயிலையை ஒரே இனமாக எழுதினார். 1762இல் அதை இரண்டாகப் பிரித்து, கறுப்புத் தேயிலை ஒரு செடியிலும் பச்சைத் தேயிலை வேறொரு செடியிலும் வருவதாக நினைத்தார். கொழுந்தை வாட்டிப் பதப்படுத்துவதில்தான் வித்தியாசம் என்பதை, 1840களில் சீனாவுக்குள் போய்ப் பார்த்த ரொபர்ட் போர்ச்சூன் உறுதிப்படுத்தினார். எங்கள் தொழிற்சாலைப் பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் சொல்லியிருப்பார்கள்! அசாம் காட்டுத் தேயிலை தெரியவந்த பின்னர், 1844இல் அதற்கும் தனி இனப் பெயர் வைத்தார்கள்.

கண்ணால் பார்த்துப் பிரிப்பது ஏன் கஷ்டம்? அசாம் செடியை வெட்டாமல் விட்டால் பெரிய மரமாகிவிடும். சீனச் செடி புதராகவே நிற்கும். நாமோ கவ்வாத்து வெட்டி எல்லாவற்றையும் இடுப்பளவில் வைத்திருக்கிறோம். அதோடு இரண்டும் தாராளமாக ஒட்டி விதை தரும். பேராதனைக்குச் சீனத் தேயிலை 1824இலும் அசாம் தேயிலை 1839இலும் வந்தன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதே கலப்பு விதைதான்.

டி.என்.ஏ. என்ற சொல்லை நம்மில் பலர் காணாமற்போனவர்களைத் தேடும் செய்திகளில்தான் முதலில் கேட்டோம். செடிக்கும் அதே முறைதான். ஒவ்வொரு உயிரணுவிலும் மரபுச் செய்தி நீண்ட நூல் போல இருக்கிறது. அந்த நூலில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும், சேலைக் கரையில் ஒரே பூ அடுத்தடுத்து வருவதுபோல. ஒரு செடியில் பன்னிரண்டு பூ என்றால் இன்னொன்றில் பதினைந்து. இதில் பாதி தாய்ச்செடியிலிருந்தும் பாதி தந்தைச்செடியிலிருந்தும் வரும். இப்படிப் பல இடங்களை எண்ணி ஒப்பிட்டால், யாருக்கு யார் உறவு என்பது தெரிந்துவிடும். இதற்கு ஓரிரு இலை போதும்.

சீனத்திலும் இந்தியாவிலும் உள்ள தேயிலைகளை இந்த முறையில் ஆராய்ந்து, முதிதா மீகஹகும்புர என்ற இலங்கை ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016இலும் 2018இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சீன வகையும் அசாம் வகையும் தெளிவாகப் பிரிந்தன. எதிர்பாராத விடயம் வேறு. சீனாவின் யுன்னான் பகுதி அசாம் தேயிலையும் இந்தியாவின் அசாம் தேயிலையும் பார்வைக்கு அக்கா தங்கச்சி போலத்தான். மரபணுவில் அவை இரண்டும் வேறு வேறு குடும்பம். இரு நாட்டு மக்களும் தனித்தனியாகவே அவற்றை வளர்ப்புச் செடியாக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். மூன்றாவது வகை என்று நினைத்திருந்த கம்போடியாத் தேயிலை, சீனமும் அசாமும் கலந்து பிறந்த பிள்ளையாம்.

சீனமும் அசாமும் பிரிந்து 22,000 வருடங்கள் என்பது இவர்கள் கணக்கு. முழு மரபணுத் தொகுதியையும் வாசித்த சீன ஆய்வாளர்கள் 2018இல் மூன்றே முக்கால் இலட்சம் வருடத்துக்கும் மேல் என்றார்கள். இந்த வருடக் கணக்குகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. பிரிந்தது உண்மை என்பதில் இரு தரப்பும் ஒன்று. இன்றைக்கும் இரண்டும் ஒட்டிக் காய்ப்பதால், பெரும்பாலோர் ஒரே இனத்தின் இரு வகைகள் என்றே வைத்திருக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன? என் சின்னம்மாவின் குடும்பம் 1983 கலவரத்தில் மலையை விட்டு வன்னிக்குப் போனது. யுத்தம் முடிந்து திரும்பி வந்த அவர் மகள் கால் ஏக்கரில் தேயிலை வைத்தாள். தவறணைக்காரர் ஒரே வகை என்று சொல்லிக் கொடுத்த கன்றுகள், மூன்று வருடம் கழித்துப் பலவிதமாய் நின்றன. "அக்கா, கன்றில் எல்லா இலையும் ஒன்றுபோலத்தானே இருந்தது?" என்றாள். கடன் மட்டும் தவணை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி வளர்க்கும் வீ.பி. தேயிலையில், ஒரு தாயின் கன்றுகள் எல்லாம் மரபணுவில் அச்சாக ஒன்றே. அதனால் கலப்படம் நடந்ததா என்பதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் கால் ஏக்கர்காரி ஆய்வுகூடத்துக்குப் போக முடியுமா? பதிவு பெற்ற தவறணையில் வாங்கி, வகை இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு எடுப்பதுதான் நம் கைக்கு எட்டியது.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் ஒரே மரபணு என்றால், ஒரு செடிக்குப் பிடிக்கும் நோய் மலை முழுவதற்கும் பிடிக்கும். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 2023, 2025, 2026 ஆகிய இலக்க வகைகள் வேறு வேறு பெயர் போலத் தெரிந்தாலும், மூன்றுக்கும் தாய் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே செடி. ஆகவே வகையின் இலக்கத்தோடு தாய் எது என்றும் தேயிலை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும்.

தங்கச்சி இம்முறை தாய் வேறான இரண்டு வகை எடுத்தாள். வகை மாறும் வரிசையில் ஒரு கல் நட்டு, இலக்கத்தைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறாள்.