சுற்று கூடினால் சத்தம் கூடுமா?

பெரம்பலூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் அதிகம். சின்ன வெங்காயம் போட்டவர் தம் மோட்டாரை நம்பித்தான் இருக்கிறார். மோட்டார் எரிந்துபோனால் அதைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டு ஓடுவார். கடைக்காரர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பழைய சுருளில் எத்தனை சுற்று இருந்தது, கம்பியின் கனம் என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார். "இன்னும் நூறு சுற்று சேர்த்துக் கட்டுங்கள், தண்ணீர் வேகமாக வரட்டும்" என்று சொன்னால் அவர் சிரிப்பார். சுற்றுக்கும் கனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அதே கணக்கு ஓர் இசைக்கருவியிலும் இருக்கிறது. திருவிழா மேடையிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ மின் கிதாரைப் பார்த்திருப்பீர்கள். அதன் தந்திகளுக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு பட்டை இருக்கும். அதன் பெயர் 'பிக்கப்'. அதுதான் கிதாரின் காது. கடைக்குப் போனால் 'ஹை அவுட்புட்' ஒற்றைச் சுருள் பிக்கப் என்று ஒன்றைக் காட்டி, இதில் சத்தம் அதிகம் என்பார்கள். சேர்த்து வைத்த பணத்தை அதற்குக் கொடுக்கலாமா? கொடுக்கும் முன் கொஞ்சம் இயற்பியல் பார்ப்போமா?

தந்தி எப்படிப் பேசுகிறது?

1831இல் மைக்கேல் பாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இதுவே மின்காந்தத் தூண்டல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931இல், ஜார்ஜ் போசாம்ப் என்ற அமெரிக்கர் இதே உண்மையைக் கொண்டு கிதாருக்குப் பிக்கப் அமைத்தார்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் பெரும்பாலும் ஆறு தந்திகளுக்கு ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமயிர் போன்ற செம்புக் கம்பி. காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுத் தந்தியும் காந்தமாகிவிடுகிறது. அதைத் தட்டினால் காந்தப்புலமும் கூடவே ஆடுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. கிதாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்ந்தால், மின்னழுத்தமும் அதே அதிர்வெண்ணில் ஏறி இறங்கும். அளவு மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதை ஆம்ப்ளிபயர் பெருக்கித் தருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை. எஃகின் ஆட்டத்தையே உணர்கிறது. அரியலூரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வீணைக்குப் பேர்போன தஞ்சாவூர். வீணையில் எஃகுத் தந்தியும் உண்டு, பித்தளைத் தந்தியும் உண்டு. அதன் அடியில் கிதார் பிக்கப்பை வைத்தால் எஃகு பேசும். பித்தளை ஏறக்குறைய ஊமையாகிவிடும். பித்தளையைக் காந்தம் கவராது அல்லவா?

கணக்குப் போடுவோம்

சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்பில் சுமார் 8,000 சுற்றுகள் இருக்கும். கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர். பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரும்!

இதை 10,000 சுற்று ஆக்குவோம். சுற்று 25 விழுக்காடு கூடியது. மின்னழுத்தமும் அதிகபட்சம் அவ்வளவு கூடும். நம் செவிக்கு அது எவ்வளவு? ஏறக்குறைய 2 டெசிபெல்தான். ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் வேண்டும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய கூடுதல் சத்தத்தை ஆம்ப்ளிபயர் குமிழைச் சற்றுத் திருப்பியே பெற்றிருக்கலாம்.

இழப்பது என்ன? சுருளின் தன் மின்தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். சுற்று 1.25 மடங்கானால் அது 1.56 மடங்காகும். இந்த மின்தூண்டலும் கிதார் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள கூர்மையான ஒலிகள் வேகமாக மங்கிவிடும். முதலில் அது 4,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதே கேபிளுடன், சுற்று கூடிய பின் சுமார் 3,200 ஹெர்ட்ஸாக இறங்கும். மணி போன்ற பளபளப்பு குறைந்து, ஒலி தடிக்கும். இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. உறுமும் ஒலியை விரும்புவோர் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பாறைக்கு வெடி வைக்கும்போது நிலம் எவ்வளவு அதிர்கிறது என்று அளக்க 'ஜியோபோன்' பயன்படுகிறது. அதிலும் காந்தமும் சுருளும்தான். நிலத்தோடு காந்தம் ஆட, வில்லில் தொங்கும் சுருள் பின்தங்க, மின்னழுத்தம் பிறக்கிறது. அதை வாங்குவோர் உணர்திறனை மட்டும் கேட்பதில்லை. எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை அது சரியாகச் சொல்லும் என்றும் கேட்பார்கள். கிதாருக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

ஏமாற்றும் எண்

பெட்டியின் மேல் இத்தனை 'கிலோ ஓம்' என்று அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதானால் பிக்கப் வலியது என்று நினைக்காதீர்கள். அது வெறும் மின்தடை. அதே 8,000 சுற்றை 0.056 மில்லிமீட்டர் கம்பியால் சுற்றினால் மின்தடை கால் பங்குக்கு மேல் ஏறும்; சத்தமோ அப்படியே இருக்கும். காயில் கட்டுபவர் சுற்றையும் கனத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்வது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இரைச்சலும் அப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையைச் சுற்றி ஒயர்களும் மின்மாற்றிகளும் இருந்தால் ஒற்றைச் சுருள் 'ம்ம்ம்' என்று முனகும். சுற்றுகளைக் கூட்டினால் தந்தியின் ஒலியோடு இந்த முனகலும் சேர்ந்தே கூடும். அதைத் தீர்க்க, எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரண்டு சுருள்களும், எதிரெதிர் முனைகள் கொண்ட காந்தங்களும் வேண்டும். இந்த இரட்டைச் சுருள் பிக்கப்பை 1955இல் செத் லவர் வடிவமைத்தார்.

காந்தம் வலுத்தால்?

வலிய காந்தம் வைத்தாலும் சத்தம் கூடும். ஆனால் அது தந்தியையே இழுத்துப் பிடிக்கும். நாதம் சீக்கிரம் அடங்கும், சுருதியும் தள்ளாடும். நம் இசைக்கு இது சிறிய குறையன்று. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சாதாரண மாண்டலினை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ் பெற்றார். கமகம் இழையோட வேண்டுமானால், தட்டிய நாதம் நீண்டு நிற்க வேண்டுமே!

ஆகவே, வாங்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். முதலில், இருக்கும் பிக்கப்பின் இருபுறத் திருகாணிகளைத் திருகி உயரத்தை மாற்றுங்கள். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தினால் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். இதற்குச் செலவே இல்லை. அப்படியும் போதவில்லையென்றால், குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பை மட்டும் மாற்றலாம். அங்கே தந்தி குறைவாக ஆடும், ஒலியும் மெலிந்திருக்கும்; கூடுதல் சுற்று அங்கேதான் பயன் தரும். மற்ற இடங்களில் சாதாரணமானதே இனிமை. இன்னொன்று: கிதார் தந்திகள் ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப்ளிபயரை மாட்டி ஒருபோதும் வாசிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

வீட்டில் ஒரு சோதனை

பழைய ரிலே ஒன்றின் சுருளைக் கழற்றுங்கள். அதன் நடுவே ஓர் இரும்பு போல்ட்டைச் செருகி, பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தை அடியில் ஒட்டுங்கள். பலகையில் எஃகுக் கம்பி ஒன்றை இறுக்கிக் கட்டி, போல்ட்டின் தலையை அதன் அடியில் வையுங்கள். சுருளின் இரு முனைகளையும் ஆம்ப்ளிபயரின் மைக் துளையில் இணையுங்கள். வீட்டு மின்சாரத்தில் இணைக்கவே கூடாது. கம்பியைத் தட்டுங்கள், பேசும்! பிறகு பித்தளைக் கம்பியை மாட்டித் தட்டுங்கள். போல்ட்டைச் சிறிது சிறிதாக விலக்கியும் பாருங்கள். இடைவெளி இருமடங்கானால் ஒலி பாதியாகிறதா, அதைவிடக் குறைகிறதா? நீங்களே கண்டு குறித்து வையுங்கள்.