ஊன்றுகோலும் கல்லாப் பெட்டியும்
பாத அறுவைச் சிகிச்சைக்குப் பின் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



நமது தொழில் நின்றுகொண்டே செய்யும் தொழில். காலையில் கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும்வரை மூட்டைக்கும் தராசுக்கும் கல்லாவுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறோம். அந்தக் கால் ஒரு நாள் முடங்கிவிட்டால் என்ன செய்வது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரியும் மூட்டை, தரையில் சிந்திய எண்ணெய், லாரிப் படி, ஆறாத சர்க்கரைப் புண் என்று நமது தொழிலில் பாதத்துக்கு வரும் ஆபத்துகள் பல.

நமக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இடது பாதத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒன்பது வாரம் ஊன்றுகோலில் நடந்தோம். அப்போது மருத்துவரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் சொல்லித் தந்தவற்றையும், கடையை நடத்திய விதத்தையும் நமது உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அறுவை முடிந்தால் சிகிச்சை முடிந்ததா?

நமது மாவட்டத்தார் மருத்துவமனையைக் கண்டு ஒதுங்கியவர்கள் அல்லர். நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டாக்டர் சாமர்வெல் அங்கே பல ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார். களியக்காவிளையில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் ஆசாரிப்பள்ளம், மறுபக்கம் திருவனந்தபுரம் என இரு அரசு மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆகவே அறுவைச் சிகிச்சை பெறுவதில் பெரிய தடை இல்லை. சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மனித உடலில் உள்ள 206 எலும்புகளில் இரு பாதங்களில் மட்டும் 52 எலும்புகள் இருக்கின்றன. பாத எலும்பு கூடிவரச் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் நீளும். நமது ஊர்ப்பக்கம் ஒரு சில்லறை வியாபாரி, பண்டிகைக் காலம் என்று மூன்றாம் வாரமே கடையில் வந்து நின்றார். அவருக்கு சர்க்கரை உண்டு. வலி தெரியவில்லை, ஆகவே ஆறிவிட்டது என்று நினைத்தார். தையல் விட்டு, புண் எலும்பு வரை இறங்கி, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று வார வியாபாரத்தைப் பார்க்கப் போய் ஆறு மாத வியாபாரம் போயிற்று.

வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல

இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பால் பிராண்டு அவர்களின் பணியை அறிந்துகொள்வது நல்லது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் தாமாக அழுகி உதிர்வதாக அந்நாளில் பலரும் நம்பினர். அது தவறு, நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல், அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுந்து புண்ணாகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அழுத்தத்தைக் குறைத்தால் புண் ஆறும். இதற்காக மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகளையும் அவரது குழுவினர் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்கும் இதே விதிதான். எனவே, "வலிக்கவில்லை, ஊன்றலாம்" என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. எப்போது ஊன்றலாம், எவ்வளவு ஊன்றலாம் என்பதை மருத்துவர் எக்ஸ்ரேயும் புண்ணும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இயக்கப்பட்ட காலைப் பொத்திப் பாதுகாக்கும்போது நல்ல காலை மறந்துவிடுகிறோம். உடம்பின் பாரம் முழுவதையும் இப்போது சுமப்பது அதுதான். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் நல்ல காலின் அடிப்பகுதியையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலில் ஹவாய் செருப்பு போடக் கூடாது, வழுக்கும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு நல்லது.

ஊன்றுகோலுக்கும் அளவு உண்டு

மருந்துக் கடையில் போய் "கிரட்சஸ் ஒரு ஜோடி" என்று வாங்கி வந்து அப்படியே இடுக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சட்டைக்கு அளவு இருப்பதுபோல இதற்கும் அளவு உண்டு.

1. நிமிர்ந்து நிற்கும்போது கோலின் மேல் முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

2. கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்கும்.

3. கோலின் அடி முனை பாதத்துக்கு முன்னும் பக்கத்திலும் ஏறக்குறைய 15 செ.மீ. தள்ளி ஊன்ற வேண்டும்.

4. பாரம் முழுவதும் உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தளர்ந்துவிடும். காலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் கையையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அடி முனையில் உள்ள ரப்பர் பொருத்தைத் தினமும் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு தேய்ந்த ரப்பரில் வழுக்கி விழுவது நமக்கு அழகல்ல.

நடையும் படியும்

காலை ஊன்றவே கூடாது என்று சொல்லியிருந்தால், இரு கோல்களையும் ஓரடி முன்னே வைத்து, உள்ளங்கையில் அழுத்தி, நல்ல காலைக் கோல்களின் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரம் கூடாது. இந்த நடைக்கு வழக்கமான நடையைவிட மிக அதிகச் சக்தி செலவாகும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, கோலுக்குப் பதில் வாக்கரோ சக்கர நாற்காலியோ வைத்துக்கொள்வது நல்லது.

நமது ஊர் மேடும் பள்ளமுமான ஊர். வீட்டுக்குப் படி, கடைக்குப் படி, ஓடைமேல் போட்ட சிலாப்பு என்று எங்கும் ஏற்ற இறக்கம்தான். படிக்கு ஒரே விதியை மனத்தில் வைத்தால் போதும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். ஏறுகையில் நல்ல காலை மேல்படியில் வைத்து, பிறகு நோவுக் காலையும் கோல்களையும் கொண்டுவர வேண்டும். இறங்குகையில் கோல்களைக் கீழ்ப்படியில் வைத்து, நோவுக் காலை முன்னே கொண்டுவந்து, பிறகு நல்ல காலை இறக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்து, இரு கோல்களையும் மறு கையில் வைத்துக்கொள்ளலாம்.

உட்காரும்போது நாற்காலி பின்காலில் தட்டும்வரை பின்னே போய், கோல்களை ஒரு கையில் சேர்த்து, மறு கையால் நாற்காலியைப் பிடித்து, நோவுக் காலை முன்னே நீட்டி உட்கார வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலியில் இப்படி உட்காரவே கூடாது.

நமது தராசு நமக்கே உதவும்

சில வாரம் கழித்து, "20 கிலோ அளவுக்கு ஊன்றலாம்" என்பதுபோல மருத்துவர் சொல்வார். இருபது கிலோ பாரம் காலில் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. வணிகருக்கு இந்தக் கவலை இல்லை. மூட்டை நிறுக்கும் மின்னணுத் தராசு கடையில் இருக்கிறது. அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்து, அதில் நல்ல காலை வைத்து, கோல்களைப் பிடித்தபடி நோவுக் காலைத் தராசில் மெல்ல அழுத்துங்கள். மருத்துவர் சொன்ன எண் காட்டியவுடன் நிறுத்தி, அந்த அழுத்தத்தை மனத்தில் பதியவையுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நான்கைந்து முறை செய்தால் காலுக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

கடைக்குள் செய்ய வேண்டியவை

கோலில் வருபவருக்கு முதல் எதிரி தரைதான். சிந்திய தேங்காய் எண்ணெய், ஒரு பிடி சர்க்கரை, அறுத்துப் போட்ட சணல் நூல், மடிந்து கிடக்கும் காலிச் சாக்கு, இவை ஒவ்வொன்றும் ஆளை வீழ்த்தும். நமது பகுதியில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் வாசலில் சாக்கு விரிக்காமல், ரப்பர் மிதியடி போடுங்கள். கோல் முனையை உலரத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

கோல் பிடித்தவர் கையில் எதையும் எடுத்து நடக்க முடியாது. கணக்குப் புத்தகம், கைப்பேசி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை ஒரு துணிப்பையில் போட்டுக் குறுக்காகத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீங்கும். கல்லாவின் அடியில் ஒரு பிஸ்கட் தகரத்தின் மேல் தலையணை வைத்துக் காலை நீட்டலாம். ஆனால் வீக்கம் வடிய, படுத்துக்கொண்டு கால் நெஞ்சின் உயரத்துக்கு மேலே இருக்கும்படி வைப்பதுதான் சரியான முறை. ஆகவே முதல் வாரங்களில் கடையில் ஒரு மணி, வீட்டில் ஓய்வு என்ற கணக்கு போதும். பீடி, சிகரெட் விற்கலாம், பிடிக்கக் கூடாது. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

கடை நிற்காமல் இருக்க

அறுவைக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சரக்கு எந்த மொத்தக் கடையிலிருந்து எந்தக் கிழமை வரும் என்பது நமது தலைக்குள் மட்டும் இருந்தால் ஆபத்து. அதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தாமதித்தால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் வரும். அதற்கான ரகசிய எண் வரும் கைப்பேசி கணக்கருக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கடை வாசல் கியூ.ஆர். அட்டையில் பணம் வந்ததா என்று அறிய, கடையில் இருப்பவருக்கு ஒலிப்பெட்டி தேவை. நமக்கு வரவேண்டிய சரக்குக்குக் கைக்கடன் தரும் மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், தவணையில் அவரும் பொறுத்துப் போவார். நாமும் மொத்த வியாபாரிதான். சொல்லிவிட்டுத் தாமதிப்பவருக்கும் சொல்லாமல் தாமதிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம்.

பணியாளருக்கு அடிபட்டால்

முதலாளியின் காலுக்கு உள்ள மதிப்பு பணியாளரின் காலுக்கும் உண்டு. ஈ.எஸ்.ஐ. பதிவுள்ள பணியாளர் நோயுற்றால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டால் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். பதிவு செய்யாமல் விட்டால் அந்தச் சுமை கடையின் தலையில்தான் விழும். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டம் திருத்தின. எல்லையின் எந்தப் பக்கம் கடை வைத்தாலும் இப்போது ஒரே கடமைதான்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனுடன் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, 108க்கு அழைக்க வேண்டும். காய்ச்சல், புண்ணில் சீழ், கெட்ட வாடை, விரல்கள் நீலம் பாய்தல், மாவுக்கட்டு இறுகிக் கடுக்கும் வலி, இவை எதற்கும் கடை அடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நமது மாநிலத்தில் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பயன்பெறலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒருவர் ஊன்றுகோலைப் பயன்படுத்துவது சில வாரம்தான். பிறகு அது பரண்மேல் போய்விடும். உறுப்பினர்கள் வீட்டில் இப்படிச் சும்மா கிடக்கும் ஊன்றுகோல்கள், வாக்கர்கள், சக்கர நாற்காலிகளைச் சங்க அலுவலகத்தில் சேர்த்து, ரப்பர் மாற்றி, திருகாணி முடுக்கி, தேவைப்படும் உறுப்பினருக்கும் அவர் கடைப் பணியாளருக்கும் இரவலாகக் கொடுக்கலாம். ஒரு பதிவேடு போட்டால் போதும். நமது ஊன்றுகோல் ஜோடியை முதல் வரவாகச் சங்கத்தில் ஒப்படைக்கிறோம். வாடிக்கையாளர் இன்று வேறு கடைக்குப் போனாலும் நாளை திரும்பி வருவார். போன விரல் திரும்பி வராது. மருத்துவர் சொன்ன நாள்வரை பொறுத்திருங்கள்.