தீர்க்கும் கடனும் தீராக் கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் தன் நிலைக்கேற்பச் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். வட்டிக் கடன், கைமாற்றுக் கடன் என்கிறோம். காலைக் கடன், நேர்த்திக் கடன், நீத்தார் கடன் என்றும் சொல்கிறோம். அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் எனக்கு இந்தச் சொல் அடிக்கடி இடர் தருவதுண்டு. 'செலுத்த வேண்டிய தொகை' என்று எழுதுவதா, 'கடமை' என்று எழுதுவதா எனப் பேனாவை நிறுத்தி எண்ணவேண்டி வரும். அவ்வாறு எண்ணுந்தோறும், ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடிதம் என் நினைவுக்கு வருகிறது.

கிறிஸ்தவ சமயத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த புனித பவுல், கி.பி. 57ஆம் ஆண்டையொட்டி, கொரிந்து நகரில் தங்கியிருந்தபோது, உரோமாபுரியிலிருந்த கிறிஸ்தவர்களுக்கு அக்கடிதத்தை விடுத்தார். விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் உரோமருக்கு எழுதிய நிருபமாக அது இடம்பெற்றுள்ளது. அதன் 13ஆம் அதிகாரத்தில், வரி பெற உரியவருக்கு வரியையும், தீர்வை பெற உரியவருக்குத் தீர்வையையும், மதிப்புக்கு உரியவருக்கு மதிப்பையும் செலுத்திவிடுமாறு அவர் முதலில் சொல்கிறார். அதை அடுத்த 8ஆம் வசனத்தின் கருத்து இது: ஒருவருக்கொருவர் அன்பு செய்தல் ஒன்றே உங்கள் பெயரில் நிலுவையாக நிற்கலாம், வேறு எதையும் எவருக்கும் நிலுவை வைத்தலாகாது. இவ்விரு இடங்களிலும் பவுல் ஆளும் கிரேக்கச் சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. நம் 'கடன்' போலவே அந்த வேரும் பணக்கடனையும் கடமையையும் ஒருங்கே குறிப்பது.

கிறிஸ்தவர் கடனே வாங்கலாகாது என்று பவுல் விதித்ததாகச் சிலர் பொருள் கொள்வர். விவிலியம் முழுவதையும் நோக்கினால் அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதை மோசேயின் சட்டம் தடுக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றிருந்தால், பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. இரவில் அவன் போர்த்துக்கொள்ள வேறு துணி இராது அல்லவா? கடன் கேட்டு வருபவனிடம் முகந்திருப்பலாகாது என்று இயேசுவும் மலைப்பொழிவில் கூறியிருக்கிறார். கொடுப்பது அறமாயின், இடருற்ற வேளையில் வாங்குவது பாவமாகாது. வாங்கியதைத் தீர்க்காமல் நிலுவையில் விடுவதையே பவுல் விலக்குகிறார்.

இது கணக்கு வழக்குப் பற்றிய அறிவுரை. இதை அன்பு பற்றிய போதனையோடு ஒரே வாக்கியத்தில் ஏன் இணைத்தார்? இந்த வினாவுக்கு விடை எனக்கு நூல்களில் கிடைக்கவில்லை. தில்லியில் என் சொந்த வாழ்க்கையில் கிடைத்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், பணியில் சேர்ந்த புதிதில், தங்கையின் திருமணத்துக்காக நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினேன். கொடுத்தவர் எங்கள் குடியிருப்பில் இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த நெல்லைச் சீமைப் பெரியவர். உறவினர் எவரும் இல்லாத அந்த ஊரில், விழா நாட்களில் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து இலை போட்டவர். பத்திரம் இல்லை; வட்டியும் இல்லை. ஆறு மாதத்தில் தந்துவிடுவதாகச் சொன்னேன், இயலவில்லை. அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆயினும் அவரை எதிர்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. அவர் நிற்கும் பேருந்து நிறுத்தத்தை விட்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குச் செல்லும் வழக்கத்தை விட்டேன். அவருடைய மனைவியார் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த செய்தி காதில் விழுந்தது. அப்போதும் நான் போகவில்லை. பணம் அவருக்கு வேண்டியிருக்கும் வேளையில் வெறுங்கையோடு எப்படிப் போவது என்பது என் தயக்கம். நோயுற்றவரைப் பார்க்கச் செல்லப் பணம் எதற்கு என்பதை நான் எண்ணவில்லை.

பின்னர் அலுவலகக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினனாகிக் கடன் பெற்றேன். எனக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் ஒரு பஞ்சாபியரும் ஒரு வங்காளியரும். ஊரும் மொழியும் வேறாயினும், நாள்தோறும் பக்கத்து மேசையில் என்னைக் கண்டவர்கள். தொகையை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் அதை எண்ணாமலே வாங்கி வைத்துவிட்டு, "பணம் வந்து சேர்ந்துவிட்டது, தம்பி. நீ வராமலிருந்த பதினொரு மாதந்தான் வரவில்லை" என்றார். அவ்வளவே. காப்பி வந்தது, பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

பவுலின் வாக்கியம் அன்று எனக்கு விளங்கிற்று. தீராத பணக்கடன் இருவரிடையே நிற்குமாயின், அன்புக் கடனைச் செலுத்தும் வழியை அது அடைத்துவிடுகிறது. வாங்கியவன் ஒளிகிறான், கொடுத்தவன், எதிர்ப்பட்டால் கடனைக் கேட்க வந்ததாக இவன் எண்ணுவானோ என்று தானும் ஒதுங்குகிறான். முன்னதைத் தீர்த்தால்தான் பின்னதைச் செலுத்த இயலும். அதனாலேயே இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.

அன்புடையவன் கணக்குப் பார்க்கமாட்டான் என்று நாம் சொல்வதுண்டு. விவிலியத்தில் வரும் அன்புடையோர் கணக்கில் மிகக் கருத்தாக இருக்கின்றனர். நல்ல சமாரியன் கதையை அறியாதார் இலர். கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்த்த அவன், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசுகளைச் சத்திரக்காரனிடம் கொடுக்கிறான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தந்துவிடுவதாகவும் பொறுப்பேற்கிறான். முகமறியாத ஒருவனுக்காகத் தன் பெயரில் பற்று எழுதிக்கொள்கிறான். பவுலே அதைச் செய்தவர்தாம். ஒநேசிமு என்னும் அடிமையை அவன் தலைவனாகிய பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்குமாறும், தாமே அதைச் செலுத்துவதாகவும் எழுதினார். அதைத் தம் சொந்தக் கையாலேயே எழுதுவதாகவும் குறிப்பிட்டார். கடிதவழி எழுந்த கடன் உறுதிச் சீட்டு என்றே இதைச் சொல்லலாம்.

ஒருவர் மற்றொருவருக்காகச் செய்யும் இந்தச் செயலை ஊர் முழுவதும் சேர்ந்து செய்ய இயலுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒருவர் இதைச் செய்து பார்த்தார். அவர் பெயர் பிரெடரிக் வில்லெம் ரைபைசன். 1818இல் பிறந்த அவர், 1845இல் வையர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு மேயரானார். 1846–47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டினார். ரொட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார். பொது அடுப்பு கட்டி, ஏழைகளுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். பின்னர்ப் பிளாமர்ஸ்பெல்ட் என்னுமிடத்தில், 1849இல், வேறொரு சங்கம் கண்டார். அங்கே குடியானவர்கள் மாட்டு வியாபாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் சிக்கியிருந்தனர். வசதியுள்ளோர் பிணை நின்றனர். சங்கம் மாடு வாங்கிக் கொடுத்தது. குடியானவர்கள் தவணையில் பணம் செலுத்தினர்.

ரைபைசன் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். பிறர்பால் அன்பு என்பதே இம்முயற்சிகளுக்குத் தூண்டுகோல். ஆயினும் செல்வரின் இரக்கத்தை மட்டும் நம்பிய சங்கங்கள் நெடுநாள் நில்லா என்பதைப் பட்டறிவால் கண்டார். பிறருக்காகப் பொறுப்பேற்ற செல்வர்களின் ஊக்கம் நாளடைவில் தளர்ந்தது. ஆகவே 1864இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் முறையை மாற்றினார். கடன் பெற விரும்புவோர் தாமே சங்கத்தின் உறுப்பினராக வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் அனைவரும் தம் முழுச் சொத்தையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறியக்கூடிய சிறு வட்டாரம். நிர்வாகிகள் ஊதியம் பெறமாட்டார்கள். வரும் ஆதாயம் பிரிக்கவியலாத பொது நிதியில் சேரும். கண்பார்வை மங்கித் தளர்ந்த நிலையிலும், மகள் அமாலியின் துணையோடு இப்பணியை 1888இல் மறையும் வரை நடத்தினார். அன்பைக் கொடுக்கும் கையில் மட்டும் வைக்காமல், வாங்கும் கையிலும் வைத்ததே அவர் செய்த மாறுதல். கடன் வாங்கியவன் தவறாமல் தவணை கட்டுவதும் அயலான்பால் அவன் காட்டும் அன்பாயிற்று. அவன் தவறினால் இழப்பு அயலானுடையது.

இம்முறை தமிழகத்துக்கு வந்த வழி பலர் அறியாதது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரியை, உழவருக்குக் கடன் வழங்கும் வகையை ஆராயுமாறு 1892இல் சென்னை அரசாங்கம் பணித்தது. ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அவர் அறிக்கை தந்தார். ரைபைசனைப் போன்ற ஒருவரை இந்நாட்டில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டுச் சீமையின் திரூரில் கிராமச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் தோன்றின.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது முறையாகாது. 1951–52ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்து 1954இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே கூட்டுறவின் வழி வந்ததென்றும், பெரும்பகுதி வட்டிக்காரர்களிடமிருந்தே வந்ததென்றும் காட்டிற்று. சட்டம் விரைவில் வந்துவிடும். ஒருவரையொருவர் அறிந்து பொறுப்பேற்கும் மனம் அவ்வளவு விரைவில் வருவதில்லை. ஆயினும் ஆய்வுக் குழுவினர் கூட்டுறவைக் கைவிடச் சொல்லவில்லை. அது வென்றே ஆகவேண்டும் என்றனர். 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் கூட்டுறவு என்னும் கருத்தையும் வழக்கத்தையும் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொந்த ஊரில் இடர் வந்தால் மாமன் வீடு உண்டு, பங்காளி வீடு உண்டு. புதிய ஊரில் அவசரத்துக்கு முதலில் எதிர்ப்படுபவன் வட்டிக்காரன். இன்றோ கைப்பேசியிலேயே நொடியில் கடன் கிடைக்கிறது. அதைக் கொடுப்பவருக்கு நம் முகம் தெரியாது. நாம் மீள்வதும் மூழ்குவதும் அவருக்கு ஒன்றே. ஆதலால் இடர் வருமுன்னரே, பணி செய்யும் இடத்திலோ குடியிருக்கும் பகுதியிலோ முறையாகப் பதிவான சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை சேமிப்பது நன்று. நண்பரிடம் கைமாற்று வாங்க நேர்ந்தால் தொகையையும் தவணையையும் எழுதிக் கொடுத்துவிடுவது நட்புக்கு இழுக்கன்று. அது நட்புக்குக் காப்பு. தவணை தவறுமென்று தெரிந்தால் அந்த நாளுக்கு முன்பே நேரில் சென்று சொல்லிவிட வேண்டும். ஜாமீன் கையெழுத்திடுபவர், அவன் தவறினால் தாம் செலுத்த இயலுமா என்பதை எண்ணிப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். இயலாததை ஏற்றுக்கொள்வது இரக்கம் போலத் தோன்றும்; முடிவில் இரு குடும்பங்களை அது இடருக்குள்ளாக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பணம் கொடுக்க இயலாத நாளிலும் கடன் கொடுத்தவர் வீட்டுக்குச் செல்வதை நிறுத்தலாகாது. கையில் பணம் இல்லையென்று அன்பையும் நிறுத்திவைத்தால், ஒரு கடன் இரண்டாகப் பெருகும். அவற்றுள் முதலாவதற்குக் கணக்குண்டு. தவணை முடிந்ததும் பற்றுச்சீட்டு கிடைக்கும். இரண்டாவதற்கு அத்தகைய முடிவு இல்லை.

அந்த நெல்லைப் பெரியவர் பணி ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று அவருடன் தொலைபேசியில் பேசுகிறேன். ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் நேரில் காண்கிறேன். நாற்பதாயிரம் ரூபாயை ஒரே நாளில் தீர்த்தேன். அந்தப் பதினொரு மாதத்தை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.