நெல் தண்டில் செல்லும் தந்தி

முத்துப்பேட்டையைச் சூழ்ந்த சம்பா, தாளடி வயல்களின் நடுவே சில ஆண்டுகளில் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தீயில் புகைந்தாற்போல் தோன்றும் அத்திட்டுகளுக்குக் காரணமான பூச்சிக்குப் புகையான் என்றே பெயர். நெல்மணியினும் சிறிய இப்பழுப்புத் தத்துப்பூச்சி, தூரின் அடியில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது.

இருள் அடர்ந்த அத்தூரில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று எவ்வாறு கண்டுகொள்கின்றன? நம் செவிக்கு எட்டும் ஓசை எதுவும் இல்லை. பெண் பூச்சி தன் வயிற்றை மேலும் கீழுமாக அசைக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 20 துடிப்புகள். அவ்வதிர்வு நெல் தண்டின் வழியே பரவுகிறது. ஆண் அதனை உணர்ந்து பதில் அதிர்வு எழுப்பும், நின்று கவனிக்கும், மீண்டும் நடக்கும், இறுதியில் துணையை அடையும். இலைகள் உரசிக்கொண்டிருந்தால் செய்தி அடுத்த குத்துக்கும் செல்லும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இச்சிகாவாவும் இஷீயும் 1974-ல் இதனை வெளியிட்டனர்.

குளிர்ந்த ஓடைகளின் கரையில் வாழும் கல்ஈக்களும் இவ்வாறே பேசுகின்றன. ஆண் ஈ வயிற்று நுனியால் மரத்திலோ இலையிலோ தட்டும். பெண் மறுமொழி தட்டும். ஒவ்வோர் இனத்திற்கும் தாளம் வேறு.

இத்தாளமே இனத்தைக் காக்கும் வேலி. புகையானைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு பூச்சி, நீரோரத்துக் களைப்புல்லில் வாழ்கிறது. அதன் துடிப்பு வேகம் வேறாதலின், நெற்புகையானுடன் எளிதில் இணைவதில்லை. 1980களில் பிரிட்டனின் கிளாரிட்ஜ் குழுவினர் இதனை ஆராய்ந்து, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என விளக்கினர். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டை அதிர்வு காட்டிக்கொடுத்தது!

இத்தாலியில் திராட்சைக் கொடிகளைத் தாக்கும் ஒருவகைத் தத்துப்பூச்சியின் உரையாடலைச் செயற்கை அதிர்வினால் குலைத்து, இணைசேர்வதைக் குறைக்க முடியும் என்று 2012-ல் ஆய்வாளர்கள் காட்டினர். நெல் வயலில் நமக்கு உதவுபவை பழைய முறைகளே. எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். காற்றும் ஒளியும் தூருக்குள் புகட்டும். தழைச்சத்தை அளவோடு இடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டுமுன் மருந்து தெளிக்காதீர்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின், தூருக்கு இரண்டு பூச்சிகள் வரை பொறுக்கலாம். அவசரத்தில் தெளிக்கும் நஞ்சு சிலந்தியையும் கொன்று, புகையானைப் பெருக்கிவிடும்.

வீட்டு ஆண்கள் சபரில் இருக்க, குத்தகைதாரரின் பொறுப்பில் வயலை விட்டிருக்கும் தாய்மார்களே! மருந்துக்குப் பணம் கேட்டு அவர் வந்தால், "தூரை விலக்கிப் பார்த்தீர்களா? சிலந்தி இருந்ததா?" என்று முதலில் கேளுங்கள்.